ஒருமுறை மட்டும் வளர்ந்த படிகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, திருடியது. திருவனந்தபுரம் பாளையத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, தீசிஸ் டைப் அடித்து பைண்டு போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாக ஊரார் எழுதியதை அடிக்கிறேன். வேதியியல், மலையாள இலக்கியம், மீன்வளம் எல்லாம் என் விரல் வழியே போயிருக்கின்றன. ஒன்றும் மண்டையில் தங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். இதுவரை ஒன்பது அச்சில் வந்திருக்கின்றன. பத்தாவதுக்குச் சரக்கு இல்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இசக்கிசெல்வியின் தீசிஸ் இரண்டாம் முறை கடைக்கு வந்தது. முதல் முறை அடித்துக் கொடுத்ததைத் தேர்வாளர் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

வேதியியல் தீசிஸ் என்றால் எனக்கு ஒரு நிம்மதி. அதில் யாரும் அழமாட்டார்கள். கரைசல் வடிகட்டப்பட்டது, குளிர்விக்கப்பட்டது, அளக்கப்பட்டது என்று எல்லாம் ஆளே இல்லாமல் தானாக நடக்கும். இதிலும் நான்காம் அத்தியாயம் வரை அப்படித்தான் இருந்தது. அங்கே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: "அதற்குப் பிறகு இந்தப் படிகம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை."

அந்த வரியின் மேல் சிவப்பு மையில் கோடு. அது கைடு போட்டது. ஓரத்தில் பென்சிலில் இசக்கிசெல்வியின் பொடி எழுத்து: "அக்கா, இத எடுத்துராதீங்க."

நான் எடுக்கவில்லை. கதையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கையில் ஒரு கண்ணாடிக் குப்பியுடன் இசக்கிசெல்வி—"

வேண்டாம். திருவனந்தபுரத்தில் மழை பெய்வது ஒரு செய்தியே இல்லை. தவிர, படிகம் வளர்க்கிறவர்கள் குப்பியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கமாட்டார்கள். மேசையைத் தட்டினாலே திட்டுவார்கள்.

"உண்மை என்றால் என்ன? காலம் காலமாக மனிதன்—"

இப்படித் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நானே அப்படித் தொடங்கியதைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது.

"அப்பா வன்னியராஜ், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பிழைக்க வந்தவர். ஒற்றை அறை வீடு. மலையாளப் பள்ளிக்கூடம். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண்—"

இது அத்தனையும் நிஜம். ஆனால் இந்தப் பாதை எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளிடம் படித்துக் காட்டினேன்.

"எங்க கஷ்டத்த எழுதாதீங்கக்கா," என்றாள். "அது எல்லா வீட்டுலயும் உண்டு. என் படிகத்த எழுதுங்க. அது எனக்கு மட்டுந்தான் வந்துச்சு."

3

ஆகவே படிகம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். (வேதியியல் தெரிந்தவர்கள் மன்னிக்கவும், தெரியாதவர்கள் என்னை நம்பவும்.)

அமைடு என்று ஒரு வகைச் சேர்மம் உண்டு. இவளுடையதில் குளோரினும் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் நைட்ரஜன் மேல் ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். அது சும்மா இருக்காது. பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை எட்டிப் பிடித்துக்கொள்ளும். ரயில் விளையாடும் பிள்ளைகள் முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடிப்பார்களே, அப்படி. இந்தப் பிடிக்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு. வரிசை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றால் அது படிகம்.

ஆக்சிஜன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த ஹைட்ரஜன் குளோரினிடம் போவதில்லை. ஏன் போக வேண்டும்? குளோரினின் பிடி பலம் குறைந்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், இசக்கிசெல்வியின் குப்பியில் வளர்ந்த படிகத்தில் போயிருந்தது. ஆக்சிஜனை விட்டுவிட்டுக் குளோரினைப் பிடித்துக்கொண்டு நின்றது. மொத்தம் ஆறு படிகங்கள், தலைமுடி போல மெல்லிய ஊசிகள். எடுக்கும்போதே ஐந்து நொறுங்கிவிட்டன. ஆறாவதை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தாள்; அளந்து முடிப்பதற்குள் அதிலும் விரிசல் விழுந்துவிட்டது. பாதி அளவைக் கொண்டு எழுதியதுதான் அந்த நான்காம் அத்தியாயம்.

(இந்த இடத்தில் ஒரு விஷயம். எக்ஸ்ரேயில் ஹைட்ரஜன் சரியாகத் தெரியாதாம், அவ்வளவு சிறியது. அதனால் பல சமயம் கம்ப்யூட்டரே "இங்கேதான் இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டு அதை உட்கார வைத்துவிடும். படிகம் வரும் எல்லா தீசிஸிலும் இதற்கென்று ஒரு வரி உண்டு. நானே ஐம்பது தடவை அடித்திருப்பேன். என் கதைகளில் ஆட்களை நான் வைப்பதும் இப்படித்தான்: இந்த இடத்தில் இவள் அழ வேண்டும் என்று உட்கார வைத்துவிடுவேன். தேர்வாளரின் கடிதம் வந்த அன்று இசக்கிசெல்வி என் கடையில்தான் இருந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். "ஒரு டீ சொல்லுங்கக்கா, கடுப்பமா," என்றாள்.)

4

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். தரவு போதாது. எட்டு மாதத்துக்குள் புதிய படிகம் வளர்த்து மறுபடி அளக்க வேண்டும். முடியாவிட்டால் அத்தியாயத்தை நீக்க வேண்டும்.

முடியவில்லை. அந்த ஊசிகள் வந்த அதே வருடம் மழைக்காலத்தில், லேபில் வேறொரு குப்பியில் தடித்த பலகை போன்ற படிகங்கள் வந்திருந்தன. அதே சேர்மம்தான், ஆனால் ஹைட்ரஜன் ஒழுங்குமரியாதையாக ஆக்சிஜனைப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு எது செய்தாலும் பலகைதான். நாற்பத்தொரு முறை முயன்றாள், நாற்பத்தொரு முறையும் பலகை. லேபில் கூட இருப்பவர்கள் முதலில் சமாதானம் சொன்னார்கள், பிறகு பேச்சை மாற்றினார்கள், கடைசியில் அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

அவளுடைய கைடு நாகேஸ்வரன் சார், ஸ்ரீவராகத்துக்காரர், மே மாதம் ரிட்டையர் ஆகிறவர். ஒரு நாள் கடைக்கு அவரே வந்தார். சிவப்புக் கோடு போட்ட வரி இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ பாத்தேங்கறது நேக்குத் தெரியும்மா. நானும் ஸ்கிரீன்ல பாத்தேனே. எக்ஸாமினர் பாக்கலையே, என்ன பண்றது? ஒரு சாப்டர் போனாப் போறது. மத்த அஞ்சு இருக்கோன்னோ? டிகிரிய வாங்கிண்டு நல்ல எடமாப் போயிடு."

"சாப்டர் போனா எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஏன் போச்சுன்னு கேப்பாங்கல்லா? பொய்யா எழுதிட்டா, பிடிச்சுட்டாங்க, அதான் எடுத்துட்டான்னு சொல்லுவாங்க. நான் சாகுற வரைக்கும் சொல்லுவாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கோட்டையும் அவளைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார். இந்தக் கதையில் ஒரு வில்லன் இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வில்லன் இல்லை என்று சொன்னேன். அப்படியும் சொல்லிவிட முடியாது, நான் இருக்கிறேன். அடுத்த பகுதியை எழுதாமல் தாவிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

5

நான் அவளை நம்பவில்லை.

நம்பவில்லை என்பதைவிட, நம்பாமல் இருந்தால் கதை நன்றாக வரும் என்று தோன்றியது. மூன்று பக்கம் எழுதினேன். அதில் இசக்கிசெல்வி, ஆறு ஊசிகளும் நொறுங்கிப்போன பிறகு, கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறாள். வீட்டு நெருக்கடி, ஃபெலோஷிப் முடியப் போகிறது, பாவம், வேறு வழியில்லை. வாசகர் அவளை மன்னித்துவிடுவார். எழுதி முடித்ததும் எனக்கு ஒரே பெருமை. பிரிண்ட் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, எதிர்க்கடையில் சில்லறை மாற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பெயரைக்கூட மாற்றியிருக்கவில்லை.

கடைசி வரி வரை படித்தாள். மூன்று தாளையும் விளிம்பு ஒட்டி அடுக்கி வைத்தாள். "கத நல்லாருக்குக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிப் போனாள். மூன்று வாரம் வரவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது. வெளியில் இருப்பவர்கள் வாயால் சொன்னதை நான் அச்சில் ஏற்றியிருந்தேன். சாப்டரும் பட்டமும் போனாலும் அவளிடம் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: நான் பார்த்தேன் என்கிற சொல். நான் கதைக்காக அதில் கைவைத்துவிட்டேன்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. வாய் வரைக்கும் வந்து வேறு ஏதாவது ஆகிவிடும். அன்றும் அப்படித்தான். "ஒரு தடவை வந்தது ஏன் மறுபடி வராது?" என்று கேட்டேன்.

இரண்டு வருடத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. உள்ளே வரச் சொன்னாள்.

"விதைக்கா. கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு பலகைப் படிகம் போதும். கரைசல்ல விழுந்துச்சுன்னா எல்லா மூலக்கூறும் அதப் பாத்துத்தான் அடுக்கும். எங்க லேப்ல காத்துல இருக்கு, மேசையில இருக்கு, எங்க கோட்டுல, தலமுடியில இருக்கு. ஊசிக்கு இனி அங்க எடமே இல்ல."

"பால்ல மோர் பட்ட மாதிரி?"

முதல் முறையாகச் சிரித்தாள். "அதேதான். லேப் முழுக்க மோரு."

"அப்போ மோரே இல்லாத வீட்டுக்குப் போ."

"போனேன்க்கா," என்றாள்.

6

அந்த மூன்று வாரத்துக்கு முன்பே அவள் செய்துபார்த்த காரியம் அது, யாரிடமும் சொல்லவில்லை. பொன்முடி மலையடிவாரத்து வித்துராவில் சந்தைக்கு மேலே ஓர் அறையை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறாள். குளித்து, புதுச் சுடிதார், புதுச் செருப்பு, புதுக் குப்பி, புதுப் பை. கரைசலை இரண்டு தடவை வடிகட்டி எடுத்துப் போய், குப்பியின் வாயைக் காகிதத்தால் கட்டி வைத்துவிட்டு வந்தாள். பதினெட்டாம் நாள் போய்ப் பார்த்தால் பலகை. திரும்பி வரும் பஸ்ஸில், மழைச்சாரல் பட்ட மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியபோதுதான் உறைத்தது. ஐந்து வருடமாக லேபில் போட்டிருக்கும் கண்ணாடி அது. அதைப் போட்டுக்கொண்டுதான் திறந்த குப்பிக்குள் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் மாத்தினேன், கண்ண மாத்தலியேக்கா," என்று சொன்னாள். சொல்லிவிட்டு அப்போது அழுதாள். நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

இனி ஒரு முறைக்குத்தான் நாள் இருந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தக் கதைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம். என் சித்தி மகள் பூமாரி பொன்முடியில் தேயிலை பறிக்கிறாள். அவள் இருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எந்த வேதியியல்காரரும் போனதில்லை. எந்தக் காரரும் அதிகம் போனதில்லை, பஸ்ஸே குறைவு. குளிர் வேறு; குப்பி அவசரப்படாமல் வற்றும்.

ஆனால் இசக்கிசெல்வி போகக் கூடாது. சார் போகக் கூடாது. நான் கொண்டுபோகிறேன் என்றேன். அவள் என் மேசையைப் பார்த்தாள். அவளுடைய லேப் நோட்டுகள் இரண்டு வருடமாக அந்த மேசையில்தான் கிடக்கின்றன. "நீங்களும் மோர்தான்க்கா," என்றாள்.

சேர்மத்தைக்கூட இங்கே தயாரிக்க முடியாது. வாழ்நாளில் யாரிடமும் உதவி கேட்காத நாகேஸ்வரன் சார், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இருக்கும் தன் பழைய வகுப்புத் தோழரை அழைத்தார். அந்தச் சேர்மத்தைப் பார்த்தே இராத லேப் அது. அங்கே புதிதாகச் செய்து, கரைத்து, வடிகட்டி, மூடி போட்டுக் கொடுத்தார்கள். பூமாரியின் கணவர் ஜெபசிங் வடசேரிச் சந்தையிலிருந்து வித்துராவுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவர். குப்பி முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் ஏறியது.

வண்டி கரமனை வழியாகத்தான் வர வேண்டும். காலை ஏழு மணிக்கே நானும் அவளும் போய் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். கிட்டப் போகக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். வண்டி வந்தது. ஜெபசிங் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அவள் இரண்டு கையையும் ஆட்டி, "நிக்காதீங்க, போங்க, போங்க" என்று கத்தினாள். அவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். வண்டி மறைந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை. நான் பிடித்து இறக்கிவிட்டேன்.

(ஒருவர் தனக்கு வேண்டியதைத் தொடாமல் இருப்பதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் ரோட்டைக் கடக்கவில்லை என்பதே போதும்.)

பூமாரி அன்று மத்தியானம் போன் செய்தாள்.

"எடீ, குப்பி வந்நு. நீ சொன்ன மாதிரி மூடிய எடுத்துட்டு வெள்ளிக் காகிதத்த கெட்டி, புது ஊசியால நாலு ஓட்ட போட்டாச்சு. அலமாரியில சேலைக்குப் பொறத்தால வச்சிருக்கேன். பின்னே, இது என்ன சாராயமாடீ? அந்த மணம் வருது. லயத்துல எல்லாரும் இவர ஒரு மாதிரி பாக்காங்க."

"சாராயம் இல்ல. ஆனா அந்த மாதிரிதான். மூணு வாரம் அலமாரியத் தெறக்காத."

"என் நல்ல சேலயெல்லாம் அதுல இல்லியாடீ இருக்கு! சித்திரையில கல்யாணம் வருது."

"பூமாரி."

"செரி, செரி. அந்தக் கொச்சுப் பொண்ணு கிட்ட சொல்லு, நான் தெறக்கமாட்டேன்னு. கல்யாணத்துக்குப் பழசக் கெட்டிட்டுப் போறேன்."

7

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: பூமாரி அலமாரியைத் திறக்கிறாள். குப்பியின் அடியில் வெயில் பட்டு ஊசிகள் மின்னுகின்றன—

(இது எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும்தான்.)

இரண்டு: பலகை. இசக்கிசெல்வி சாப்டரை எடுத்துவிட்டுப் பட்டம் வாங்குகிறாள். எங்கோ ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஹைட்ரஜன் பிணைப்பு வரும் நாளில் மட்டும் ஒரு வினாடி—

(இது பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

மூன்று: கல்யாணத்துக்கு முந்தின நாள் பூமாரியால் பொறுக்க முடியவில்லை. பட்டுச் சேலையை இழுக்கிறாள், குப்பி—

(இதை எழுதினால் பூமாரி என்னோடு பேசமாட்டாள். அவள் அப்படிச் செய்கிறவளும் இல்லை.)

முன்பு பட்ட சூடு இருக்கிறதே, அதனால் இந்த முறை எழுதியது அத்தனையும், ஐந்தாம் பகுதி உட்பட, இசக்கிசெல்வியிடம் கொடுத்தேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். நான் வேறு யாருடைய தீசிஸையோ அடிப்பதாகப் பாவனை செய்தேன்.

"பூமாரி அக்காவோட சேலையப் பத்தி எனக்குத் தெரியாதே," என்றாள். பிறகு, "முதல் முடிவ எடுத்துருங்கக்கா."

"ஏன்? அதுதான நடக்கணும்?"

"நடந்தா நடக்கட்டும், இல்லாட்டி சாரமில்ல, போட்டும். ஆனா ஊசி வாறதுக்கு முன்னாடியே வந்துச்சுன்னு எழுதுனா, அதத்தானக்கா நான் பண்ணேன்னு எல்லாரும் சொல்லுதாங்க?"

மூன்று முடிவையும் அடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம், அடித்தது தெரியட்டும் என்றாள்.

"பின்ன கடைசில என்னதான் எழுத?"

"நீங்க என்னய நம்புதீங்களா இல்லியா, அத எழுதுங்க. அதுக்கு இயந்திரம் வேண்டாம்லா."

ஆகவே எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. பத்திரிகைக்குக் கதை நாளை போக வேண்டும். வியாழன் காலை ஜெபசிங் குப்பியை இறக்கிக்கொண்டு வருவார். பதினோரு மணிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் இயந்திரத்தில் நேரம் வாங்கியிருக்கிறார்கள். நல்ல படிகம் கிடைத்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். நான் இசக்கிசெல்வியை நம்புகிறேன். வியாழன் பலகையே வந்தாலும், அந்த பிப்ரவரியில் அவள் ஊசியைப் பார்த்தாள். மூன்று பக்கம் இதற்கு எதிராக எழுதியவள் என்பதால் இதை என் பெயர் போட்டே எழுதுகிறேன்: உலகம்மை, பாளையம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வியாழன் போயிருக்கும். என்ன ஆயிற்று என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவீர்கள், சிலர் கடைக்கே போன் செய்வீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், சொல்கிறேன். ஆனால் எண்ணை அழுத்துவதற்கு முன்னால், விடை தெரியாமல் இருக்கும் இந்த ஒரு நிமிடத்தில், அவளை நம்பினீர்களா இல்லையா என்று உங்களுக்குள் தீர்மானித்துவிடுங்கள். விடை தெரிந்த பிறகு நம்புவதற்கு அவளுக்கு நீங்கள் தேவையில்லை.